முன் சீட்

எங்கள் வீட்டில் கார் இருந்த காலத்தில்தான் நான் பஸ்ஸில் அதிகம் அலைந்தேன். இதைச் சொன்னால் என் மகளே நம்புவதில்லை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், பாதி ஹிந்தியில்தான் பேசுவாள். பழைய போட்டோவை எடுத்து நீட்டி, "காடி தோ தீ நா, அம்மா" என்கிறாள். கார் இருந்ததுதானே என்று கேட்கிறாள். இருந்தது. போட்டோவில் நான் அதன் பானெட்டில் கை வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறேன். போட்டோ எடுத்து முடிந்ததும் நான் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தது அதில் விழவில்லை.

என் வீட்டுக்காரரும் நானும் மத்திய அரசு ஊழியர்கள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மாடி வீடு. அவருடைய ஆபீஸ் செக்ரடேரியட் பக்கம். என்னுடையது அதே சாலையில், அதற்கு இரண்டு கட்டடம் முன்னால். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி வந்த புதிதில் இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். கூட்டத்தில் அவர் எனக்குப் பின்னால் நின்று, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து, என்னைச் சுற்றி வேலி மாதிரி போட்டுக்கொள்வார். எவன் இடித்தாலும் அவர் முதுகில்தான் இடிக்கும். அந்த ஒரு வருஷம் டெல்லி பஸ்ஸைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இருந்ததில்லை.

அதைக் கெடுத்தது ஒரு மழை. அவருடைய மேலதிகாரி எங்களுக்கு அடுத்த வரிசையில், பெரிய குவார்ட்டர்ஸில் இருந்தார். கோயமுத்தூர்க்காரர். பழைய வெள்ளைக் கார் ஒன்று வைத்திருந்தார். மழையில் பஸ் ஸ்டாப்பில் குடைக்குள் ஒண்டி நின்ற எங்களைப் பார்த்துக் காரை நிறுத்தினார். பின் சீட்டில் ஏற்கெனவே ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். முன் சீட்டில் அவருடைய தோல் பையும் டிபன் கேரியரும் உட்கார்ந்திருந்தன.

"பின்னால ஒருத்தருக்கு எடமிருக்குதுங்க. ஏறுங்க" என்றார் என் வீட்டுக்காரரிடம். பிறகு குனிந்து என்னைப் பார்த்து, "தங்கச்சி பஸ்ஸுல வந்துருமில்லீங்க?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். புதுப்பெண், மேலதிகாரி, கொட்டுகிற மழை. வேறு என்ன செய்வது? என் வீட்டுக்காரர் குடையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

மறுநாள் மழை இல்லை. ஆனாலும் கார் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அப்படியே பழகிவிட்டது. மேலதிகாரி கூப்பிட்டு மாட்டேன் என்று சொல்கிற துணிச்சல் எந்தக் குமாஸ்தாவுக்கும் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு அதில் பெருமையும் சேர்ந்துகொண்டது. தினமும் காரில் வந்து இறங்குகிறவரை ஆபீஸ் வாசலில் வேறு கண்ணோடு பார்த்தார்களாம். அவர் நெஞ்சு நிமிர்ந்தது. நான் பஸ்ஸில் தனியாக நின்றேன்.

டெல்லி பஸ்ஸில் தனியாக நிற்பது என்றால் என்ன என்று ஆண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பின் வாசலில் ஏற வேண்டும், கண்டக்டர் அங்கேயே உட்கார்ந்துகொண்டு "ஆகே சலோ, ஆகே" என்று முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பார். நகர நகர ஒவ்வொரு கையையும் தாண்டிப் போகவேண்டும். யார் கை என்று திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். ஊக்கைத் திறந்து விரல் இடுக்கில் வைத்துக்கொள்ள இரண்டாவது வாரமே கற்றுக்கொண்டேன். ஆபீசுக்குப் போய் முதல் வேலையாகக் கழுத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவேன். இதையெல்லாம் முதலில் அவரிடம் சொன்னேன். உச்சுக் கொட்டினார். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

என் ஆத்திரமெல்லாம் அந்தத் தோல் பையின் மேல்தான். மேலதிகாரி மேல்கூட அவ்வளவு இல்லை. ஒரு முழு சீட்டில், ஜன்னலோரமாக, காற்று வாங்கிக்கொண்டு தினமும் போய்வந்தது அந்தப் பை. அதை மடியில் வைத்துக்கொள்ளவோ காலடியில் போடவோ யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை.

லிஃப்டுக்குப் பணம் கொடுப்பது எங்கள் வட்டாரத்தில் அவமரியாதை. வேறு விதத்தில்தான் கழிக்கவேண்டும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் அந்தக் கார் தானாக ஸ்டார்ட் ஆகாது. லிஃப்டில் போகிறவர்கள் இறங்கித் தள்ளவேண்டும். குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக இவர் தள்ளுவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். என் பங்குக்கு, சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி, அதிகாரி வீட்டுக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அப்பளக் கட்டும் வாங்கி வரவேண்டும். அந்த அம்மாள் நல்ல மாதிரிதான். "அங்க கார் நிறுத்தவே எடமில்லீங்க. நீங்க எப்படியும் பஸ்ஸுலதானே வாறீங்க" என்று கள்ளமில்லாமல் சொல்வார்கள். அவர்கள் வீட்டு முருங்கைக்காயை நெரிசலில் ஒடியாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவேன். அந்தக் கையால் கம்பியைப் பிடிக்க முடியாது.

இப்படியே வருஷங்கள் போயின. எண்பதுகளில் சந்தைக்குப் புதிதாக ஒரு சின்னக் கார் வந்தது. டெல்லியில் பாதிப் பேர் அதற்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். மேலதிகாரியும் பதிவு செய்தார். பழையதை விற்பதற்கு அவர் கண்ணில் பட்டவர் என் வீட்டுக்காரர்தான். வேற்று ஆளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை என்றாராம். அன்று வீட்டுக்கு வந்த மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பி.எஃப்பில் அவர் கடன் எடுத்தார், நானும் எடுத்தேன். பாதிக் கார் என்னுடையது என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கும் என்று நினைக்கவில்லை. எனக்கு அதில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது: தினமும் ஆபீசுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து போகவேண்டும்.

கார் எங்கள் வாசலுக்கு வந்தது. தேங்காய் உடைத்தோம், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். நான் முதலில் சொன்ன போட்டோ அதுதான். வேலை நாள் காலை என்பதால் ஆபீஸ் பையைக் கையோடு வைத்திருந்தேன். போட்டோ முடிந்ததும் முன் கதவைத் திறக்கப் போனேன். அதற்குள் மேலதிகாரி வந்துவிட்டார். நேராக வந்து அந்தக் கதவைத் திறந்து உட்கார்ந்து, தோல் பையை மடியில் வைத்துக்கொண்டார். புதுக் கார் வரும்வரை அவர் எப்படிப் போவார்? எனக்குத்தான் அது தோன்றவில்லை. வழக்கமான இருவரும் பின்னால் ஏறினார்கள். பின்னால் என் வீட்டுக்காரர் இத்தனை நாள் உட்கார்ந்த இடமாவது மிச்சமிருக்குமே என்று பார்த்தேன். அந்த இடத்துக்கு, புதிதாக மாற்றலாகி வந்த ஒருவரை அதிகாரி முன்கூட்டியே வரச்சொல்லி வைத்திருந்தார். காரை விற்ற பிறகும் எந்த சீட் யாருக்கு என்று அவர்தான் பிரித்துக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு பார்வை. கார் போயிற்று.

கார் இல்லாதபோது எனக்குக் கஷ்டம் மட்டும்தான் இருந்தது. கார் வந்ததும் அதோடு அவமானமும் சேர்ந்தது. முன்பெல்லாம் ஆபீசுக்கு லேட்டானால் "பஸ் கிடைக்கவில்லை" என்று சொல்வேன். செக்‌ஷனில் எல்லாரும் அதே பஸ்ஸில் அடிபட்டு வருகிறவர்கள், விட்டுவிடுவார்கள். கார் வாங்கிய செய்தி எனக்கு முன்னால் ஆபீசுக்குப் போய்விட்டது. "அப் தோ காடி ஹை, மேடம். ஃபிர் பீ லேட்?" என்றார் ஹெட் கிளார்க். கார்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன லேட் என்று. அரை நாள் லீவைக் கழித்தார். கார் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதைவிட அரை நாள் லீவு போவது மேல்.

பஸ் ஸ்டாப்பில் இன்னொரு கஷ்டம். சேலத்துப் பக்கமிருந்து வந்து, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த குடிசைகளில் குடியிருந்த ஒரு பெண் எனக்குப் பழக்கமாகியிருந்தாள். வீட்டு வேலைக்காக வேறொரு காலனிக்குப் போகிறவள், தினமும் என்னோடுதான் பஸ்ஸுக்கு நிற்பாள். எங்கள் கார் அந்த ஸ்டாப்பைத் தாண்டித்தான் மெயின் ரோட்டில் ஏறவேண்டும். கார் கண்ணில் பட்டதும் அவளுக்கு ஒரே உற்சாகம். "அக்கா, உங்க காரு போவுதுக்கா" என்பாள். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் காரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். அவளுக்கு அதில் கிண்டல் ஒன்றும் இல்லை. தனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கார் போகிறது, அதைச் சொல்கிறாள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வேன். காருக்குள் அவரும் அந்த இடம் வரும்போது கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி ஏதோ செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை கார் உனக்குத்தானே என்பார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிளாக்கில் யாருக்காவது ரயில் இருக்கும். மெட்ராஸ் ரயிலில் யாரையாவது ஏற்றிவிட வேண்டும், யாரையாவது இறக்கிக் கூட்டிவர வேண்டும். கார் வைத்திருக்கிற தமிழனிடம் கேட்பது டெல்லித் தமிழர்களுக்குப் பிறப்புரிமை. பெட்டியும் படுக்கையும் மாங்காய்க் கூடையும் ஏறியது போக எனக்கு இடம் இருக்காது. மிஞ்சிப்போனால் மலை மந்திர் முருகன் கோயில் அடிவாரம் வரை ஒரு சவாரி கிடைக்கும். அது நடந்தே போகிற தூரம்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில் மூடுபனி ஆளை மறைத்தது. நான் பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். கார் உறுமிவிட்டு உறுமிவிட்டு நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டுக்காரர்களில் ஒருவர் லீவு. இன்னொருவர் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டவர், தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மேலதிகாரிக்கு முழங்கால் வலி, அவர் முன் சீட்டை விட்டு அசைவதாக இல்லை. மாற்றலாகி வந்தவர் மட்டும் தனியாக மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார்.

"ஒரு கை குடேன்" என்றார்.

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினேன். பனியில் நனைந்த தகரம் கையில் ஒட்டியது. அந்த மாற்றல்காரரும் நானும் தள்ளினோம். ஒரு பிளாக் தூரம் தள்ளியிருப்போம். மாடி ஜன்னல்களில் ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது. கார் ஒரு குதி குதித்து, இருமி, பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து பின் கதவைத் திறந்து பிடித்தார்கள். மாற்றல்காரர் நாலு எட்டு ஓடி உள்ளே தாவினார். ஓடுகிற வண்டியில் ஏறுவதெல்லாம் டெல்லியில் ஆண்களுக்குச் சாதாரணம். கதவு சாத்திக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். கார் பனிக்குள் போய்விட்டது.

நான் நடுரோட்டில், புடவையை இடுப்பில் செருகியபடி, கருத்த கையோடு நின்றேன். அழுகை வரவில்லை. என்னை நினைத்தே எனக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் கை கழுவினால் பஸ் போய்விடும். அப்படியே ஸ்டாப்புக்குப் போனேன். கார் அப்போதுதான் தாண்டிப் போயிருந்தது. அந்தப் பெண் அதைச் சொல்ல வாயெடுத்தவள், என் கையைப் பார்த்துவிட்டுத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாக, "நிறுத்துனா மறுபடியும் ஆஃப் ஆயிரும். அதான் நிறுத்தல" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மைதான் எனக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

"அந்த வண்டியில எனக்கு ஒரு எடம் வேணும்" என்றேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கேட்டேன்.

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். மேலதிகாரியைப் போய்ப் பின்னால் உட்காரச் சொல்ல முடியுமா என்றார். பின்னால் இருப்பவர்களில் யாரை வேண்டாமென்பது என்றார். கடைசியில், "அப்படியே எடம் இருந்தாலும், ஆம்பளைங்களுக்கு நடுவுல நீ எப்படி உக்காந்து வருவ?" என்றார்.

"பஸ்ஸுல எத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல நிக்கிறேன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?" என்றேன்.

அவர் கழற்றிய ஷூவை வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தார். எனக்காக வேலி போட்டு நின்ற மனிதர்தானே, ஒரு நிமிஷம் அது நினைவுக்கு வந்திருக்கும் என்று இப்போதும் நான் நம்புகிறேன். பிறகு சொன்னார்: "அவருக்குப் புது வண்டி வரட்டும். வந்த அன்னிக்கே முன் சீட்டு உனக்குத்தான். இது சத்தியம்."

சத்தியம் என்கிற வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். அதிகாரி வீட்டில்கூட அந்தப் புதுக் காரை அவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் மலை மந்திர் படியேறினேன். அடுத்த வீட்டுக்காரருக்குக் கார் வரவேண்டும் என்று முருகனிடம் போய் வேண்டிக்கொண்ட அசடு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பஸ்ஸில் கை படும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் அது வந்தது. சிவப்பு நிறம். சனிக்கிழமை பூஜை. சர்க்கரைப் பொங்கல் செய்து எடுத்துப்போனவள் நான்தான். மேலதிகாரி எல்லாரையும் ஒவ்வொருவராக உள்ளே உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்கு இல்லை, எனக்கே கார் வந்துவிட்டது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் காரின் முன் சீட்டை ஈரத்துணியால் துடைத்தேன். டேஷ்போர்டில் இருந்த வெற்றிலைக் காம்பு, கோயில் விபூதிப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். ஊரிலிருந்து எனக்கு வந்த ஒரு மஞ்சள் சில்க் காட்டன் புடவை பெட்டியிலேயே கிடந்தது. பஸ்ஸில் கட்டினால் ஒரே நாளில் கிழிந்துவிடும் என்று கட்டாமல் வைத்திருந்தேன். திங்கட்கிழமை அதைக் கட்டிக்கொண்டேன். ஊக்கை எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு முன்பாகவே கீழே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் இறங்கி வந்தார். காரின் பக்கம் திரும்பவில்லை. அப்போதுதான் ரோட்டில் அந்தச் சிவப்புக் கார் நிற்பதைக் கவனித்தேன். பின் சீட்டில் பழைய கூட்டத்தில் இருவர் ஏற்கெனவே ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் அளவுக்குச் சந்து விட்டிருந்தார்கள். மாற்றல்காரர் எப்படிப் போனாரோ, தெரியாது. முன் சீட்டில் தோல் பையும் டிபன் கேரியரும் இருந்தன.

அவர் என் புடவையைப் பார்த்தார். எல்லாம் புரிந்தது அவருக்கு. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புது வண்டி. மொத நாள். அவரே வந்து கூப்பிடுறாரு. இத்தனை வருஷம் அவர் வண்டியில போயிருக்கேன், இன்னிக்கு வரலைன்னு எப்படிச் சொல்றது?"

ரோட்டில் ஹாரன் அடித்தார்கள். அவர் பேன்ட் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இத உள்ள மாட்டிட்டுப் போயிரு" என்றார்.

அவர் அந்தச் சந்தில் நுழைந்து உட்கார்ந்தார். கார் புறப்பட்டது. பழக்கம் போகுமா, திரும்பிப் பின் கண்ணாடி வழியாகக் கையையும் ஆட்டினார். என் கையில் சாவி, எதிரில் துடைத்து வைத்த சீட். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றுவரை தோன்றியதும் இல்லை, சொல்லித்தர ஒருவரும் முன்வந்ததும் இல்லை. மாடியேறிப் போய்ச் சாவியை ஆணியில் மாட்டினேன். ஊக்கைத் தேடி எடுத்துக்கொண்டேன். புடவை மாற்ற நேரமில்லை.

பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏக்கா, இன்னிக்கு உங்க காரு போவலியா?"

"போகல."

"ரிப்பேருங்களா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் மேலே ஏதோ கேட்க வந்தாள். அதற்குள் பஸ் வந்து, வழக்கம் போல ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நின்றது. மஞ்சள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன்.